கம்பெனியே என் வாடிக்கையாளருக்கு போன் போட்டால் நான் என்ன செய்வது?

கேள்வி: சார், கருங்கல் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். 14 வருடமாக மருத்துவக் காப்பீட்டு ஏஜென்ட். கிட்டத்தட்ட 180 குடும்பம் என்னிடம் பாலிசி எடுத்திருக்கிறது. இரண்டு மாதமாக எங்கள் கம்பெனி கால் சென்டரிலிருந்தே என் வாடிக்கையாளர்களுக்கு நேராக போன் போகிறது. “உங்க பிளான் பழசு, புதுசுக்கு மாறுங்க, ஜிஎஸ்டியும் கிடையாது, லிங்க் அனுப்புறோம்” என்கிறார்கள். குலசேகரத்தில் ரப்பர் ஷீட் கடை வைத்திருக்கிற ஒருவர், 62 வயது, சர்க்கரை உண்டு, 9 வருடப் பாலிசி, 3 லட்ச ரூபாய். ரினியூவல் தேதியன்று போனிலேயே 10 லட்ச பிளானுக்கு மாறிவிட்டார், 11 நாள் ஆகிறது. “இப்படி ஒண்ணு இருக்குன்னு நீ ஏன் முன்னமே சொல்லல” என்று என்னிடமே கோபப்படுகிறார். பிராஞ்சில் கேட்டால் “அது மேலிடத்து மார்க்கெட்டிங், எங்களுக்குத் தெரியாது” என்கிறார்கள். என் கமிஷன் போய்விடுமா? எல்லாரையும் வேறு கம்பெனிக்கு போர்ட் பண்ணிவிடலாமா? இனி புது பாலிசிகளில் வாடிக்கையாளர் நம்பருக்குப் பதில் என் நம்பரையே கொடுத்துவிடு என்று சக ஏஜென்ட்கள் சொல்கிறார்கள், செய்யலாமா?

பதில்:

தங்கச்சி, கமிஷனுக்கு அப்புறம் வருகிறேன். முதலில் அந்த ரப்பர் கடைக்காரர். அவருக்கு நாள் ஓடிக்கொண்டிருக்கிறது, அதனால்தான் இந்தப் பகுதியை மட்டும் தனியாகவும் உங்களுக்கு எழுதி அனுப்பினேன்.

அவருக்கு வந்திருக்கிற புதுப் பாலிசியின் ஷெட்யூலை, அதாவது பாலிசி விவரப் பக்கங்களை, எடுங்கள். முதல் பக்கத்திலோ இரண்டாவது பக்கத்திலோ ‘முதன்முதலில் பாலிசி தொடங்கிய தேதி’ என்று ஒரு கட்டம் இருக்கும், பக்கத்திலேயே ‘முந்தைய பாலிசி எண்’ என்றும் இருக்கும். அந்தத் தேதி 9 வருடத்துக்கு முந்தையதாக இருந்து, பழைய எண்ணும் அதில் ஏறியிருந்தால் அவரை மைக்ரேஷன் முறையில், அதாவது பழைய வருடங்கள் தொடரும்படி அதே கம்பெனியின் வேறு பிளானுக்கு, மாற்றியிருக்கிறார்கள், மூச்சு விடலாம். அங்கே இந்த வருடத் தேதி இருந்து, பழைய எண் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தால், அவர் மாறவில்லை. ஒரு புத்தம்புதுப் பாலிசி வாங்கியிருக்கிறார், பழையதைக் கட்டாமல் விட்டிருக்கிறார். போனில் பேசிய பையன் ‘மாறுங்க’ என்ற ஒரே சொல்லால் இரண்டையும் சொல்லியிருப்பான். அவனுக்கே வித்தியாசம் தெரிந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

புதுப் பாலிசி என்றால் கடிகாரம் பூஜ்யத்திலிருந்து ஓடும். விபத்தைத் தவிர மற்றதற்கு முதல் 30 நாள் ஒன்றும் கிடையாது. கண்புரை, ஹெர்னியா, பித்தப்பைக் கல், மூட்டு மாற்று போன்றவற்றுக்குப் பெரும்பாலான பிளான்களில் 2 வருடம் காத்திருக்க வேண்டும். ஏற்கெனவே இருக்கிற சர்க்கரைக்கும் அதனால் வருகிறவற்றுக்கும் 3 வருடம் வரை. (2024-க்கு முன் 4 வருடம் வரை வைக்கலாம் என்று இருந்தது.) இதெல்லாம் அவருக்குப் பழைய பாலிசியில் எப்போதோ முடிந்துபோனவை. அதோடு இன்னொன்றும் முடிந்திருந்தது: 60 மாதம் விடாமல் கட்டியவரிடம் ‘நீ நோயை மறைத்தாய்’ என்று சொல்லி கிளைமை மறுக்க முடியாது, மோசடி என்று நிரூபித்தால் ஒழிய. 8 வருடமாக இருந்த இந்தக் காலத்தை 2024-ல் 5 வருடமாகக் குறைத்தார்கள். 9 வருடம் கட்டியவர் இதை ஒரு போன் காலில் தொலைத்திருந்தால் அதன் விலையை எந்த பிரீமியக் கணக்கிலும் போட முடியாது.

சரி, திரும்ப வழி உண்டா? உண்டு. வருடப் பிரீமியம் கட்டும் பாலிசிக்கு, முடிந்த தேதியிலிருந்து 30 நாள் கிரேஸ். அதற்குள் பழைய பாலிசியைக் கட்டிவிட்டால் தொடர்ச்சி அறுந்துபோகாது. புதுப் பாலிசிக்கோ, கையில் கிடைத்த நாளிலிருந்து 30 நாள் ஃப்ரீ லுக், பிடிக்கவில்லை என்று எழுதிக் கொடுத்தால் கவர் ஓடின நாட்களுக்கு உரிய பங்கையும் ஸ்டாம்ப், மெடிக்கல் செலவையும் கழித்துக்கொண்டு மீதிப் பணம் திரும்ப வரும். வரிசை முக்கியம்: முதலில் பழையதைக் கட்டுங்கள், ரசீது கையில் வரட்டும், அதன் பிறகு புதியதை ரத்து செய்யுங்கள். கிரேஸ் நாட்களில் பழையதில் கவர் கிடையாது, அவசரப்பட்டு புதியதை முதலில் ரத்து செய்துவிட்டு நடுவில் மனிதர் வழுக்கி விழுந்தால் இரண்டும் கெட்டான். மைக்ரேஷனாகவே நடந்திருந்து அவருக்கு அது பிடிக்கவில்லை என்றால், அவர் கையெழுத்தில் ஒரு கடிதம், கம்பெனியின் குறைதீர்ப்பு மெயிலுக்கு அன்றைக்கே போகட்டும்.

புதுப் பாலிசியின் பிடிஎஃப்பிலேயே இன்னும் கீழே போனால் புரபோசல் படிவத்தின், அதாவது பாலிசி விண்ணப்பத்தின், நகல் இருக்கும். அதில் உடல்நலக் கேள்விகளைப் பாருங்கள். நான் பார்த்த ஒரு கேஸில், போனில் கேட்டவர் “சுகர் பிரச்னை இருக்கா சார்?” என்றிருக்கிறார், இவர் “மாத்திரை போடுறேன், பிரச்னை ஒண்ணும் இல்ல” என்றிருக்கிறார், படிவத்தில் ‘இல்லை’ என்று ஏறிவிட்டது. நம் ஊர்க்காரர் யாரிடம் கேட்டாலும் இப்படித்தான் சொல்வார். சர்க்கரை கட்டுக்குள் இருந்தால் அவர் கணக்கில் அது நோயே இல்லை. தவறாக ஏறியிருந்தால் உடனே திருத்தக் கடிதம் கொடுக்க வையுங்கள். கிளைம் வரும்போது அந்த ஒற்றைச் சொல்லைத்தான் எடுத்து நீட்டுவார்கள்.

இனி உங்கள் மனத்தாங்கல்.

கேட்கக் கசக்கும், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். ‘என் வாடிக்கையாளர்’ என்று நாம் வாயால் சொல்கிறோமே தவிர, காகிதத்தில் அவர் கம்பெனியின் வாடிக்கையாளர். ஒப்பந்தம் அவருக்கும் கம்பெனிக்கும் இடையில். சட்டத்தின் கண்ணில் ஏஜென்ட் என்பவர் கம்பெனியின் ஆள். புரோக்கர்தான் வாடிக்கையாளரின் ஆள். உங்கள் நியமனக் கடிதத்தை எடுத்து ஒருமுறை படியுங்கள், அவரோடு கம்பெனி நேரடியாகப் பேசக்கூடாது என்று அதில் ஒரு வரியும் இருக்காது. அதனால் ‘என் ஆளை எப்படிக் கூப்பிடலாம்’ என்று பிராஞ்சில் போய்ச் சண்டை போட்டால் நியாயம் உங்கள் பக்கம் இருப்பதாக உங்களுக்குத் தோன்றும், பிடித்துக்கொள்ள ஒரு விதியும் இருக்காது. ஆனால் ‘என் மூலம் எடுத்தவரிடம் பாதியைச் சொல்லி மீதியை மறைத்து விற்றிருக்கிறார்கள்’ என்று போனால், அது வேறு சண்டை. அதற்கு விதி இருக்கிறது, அதைப் போட வேண்டியவர் வாடிக்கையாளர், நீங்கள் பின்னால் நின்று காகிதத்தைச் சரியாக அடுக்கிக் கொடுப்பவர்.

முதலில் கம்பெனி குறைதீர்ப்புப் பிரிவு. பதில் வராவிட்டால் அல்லது ஏற்கத்தக்கதாக இல்லாவிட்டால் காப்பீட்டு ஆணையத்தின் ‘பீமா பரோசா’ தளம், அல்லது 155255-க்கு ஒரு போன். அப்புறம், புகார் கொடுத்து ஒரு மாதத்துக்குப் பிறகும் தீரவில்லை என்றால் சென்னையில் இருக்கிற காப்பீட்டு குறைதீர்ப்பாளர். கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டாம், 50 லட்ச ரூபாய் வரை அவர் தீர்ப்பு சொல்லலாம். போன் வந்த தேதி, நேரம், எந்த நம்பர் என்பதை அன்றைக்கே எழுதி வைத்தால் போதும், அந்த அழைப்பின் பதிவைக் கொடு என்று கேட்கலாம். வந்த நம்பரையும் கவனியுங்கள், விளம்பர அழைப்புக்கு 140 என்று தொடங்கும் எண், சேவை அழைப்புக்கு 1600 என்று தொடங்கும் எண் என்று ஒதுக்கியிருக்கிறார்கள். சாதாரண பத்து இலக்க மொபைலிலிருந்து ‘கம்பெனியிலிருந்து பேசுறோம்’ என்றால் அது உண்மையில் கம்பெனிதானா என்பதே முதல் கேள்வி. விளம்பர அழைப்பே வேண்டாம் என்பவர் 1909-ல் பதிந்துகொள்ளலாம்.

இப்போது அந்த போன்காரர் சொன்னதில் எது சரி, எது சரிக்கட்டல் என்று பார்ப்போம், ஏனென்றால் மற்ற வாடிக்கையாளர்கள் உங்களிடம் வந்து கேட்கப்போவது அதைத்தான்.

ஜிஎஸ்டி விஷயம் சுத்த சரிக்கட்டல். தனிநபர், குடும்ப மருத்துவப் பாலிசிகளுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் இல்லை. பழைய பிளானை ரினியூ செய்தாலும் இல்லை, புது பிளான் எடுத்தாலும் இல்லை. புதியதற்கு மட்டும் கிடைத்த சலுகை போல அதைப் பேசுவது, மழை பெய்த அன்று வந்து ‘எங்கள் கடையில் குடை வாங்கியவர்களுக்கு மட்டும் மழை’ என்று சொல்வது போல.

‘உங்கள் பிளான் நிற்கப்போகிறது’ என்றும் சிலரிடம் சொல்கிறார்களாம். ஒரு பிளானைக் கம்பெனி உண்மையிலேயே நிறுத்தினால், பாலிசி முடிவதற்கு 90 நாள் முன்னால் எழுத்தில் தெரிவிக்க வேண்டும், கிடைத்த தொடர்ச்சியோடு வேறு பிளானுக்குப் போகிற வழியும் தர வேண்டும் என்பது பாலிசி ஷரத்திலேயே இருக்கிறது. அந்தக் கடிதத்தைக் காட்டு என்று கேட்டால் போதும்.

10 லட்சம் என்றது? அது பாதி உண்மை. முறையாக மைக்ரேஷன் நடந்திருந்தாலும் அவருடைய பழைய 9 வருடம் செல்லுபடியாவது பழைய தொகைக்கும் அதோடு சேர்ந்திருக்கிற போனஸுக்கும்தான். 3 லட்சமும் போனஸ் ஒன்றரை லட்சமும் என்று வைத்துக்கொண்டால் 4.5 லட்சம் 9 வயது ஆள், மீதி 5.5 லட்சம் இன்று பிறந்த குழந்தை. சர்க்கரையால் சிறுநீரகம் கெட்டு அடுத்த வருடம் படுத்தார் என்றால் 10 லட்சம் வரும் என்று அவர் நினைத்திருப்பார், கம்பெனி 4.5 லட்சத்தோடு நிறுத்திவிடும். தொகையைக் கூட்டியது தப்பில்லை, இன்றைக்கு 3 லட்சம் எந்த மூலைக்கு? ஆனால் அந்தக் குழந்தை வளர 3 வருடம் ஆகும் என்று யாராவது அவரிடம் சொல்லியிருக்க வேண்டும்.

‘ரூம் வாடகைக்கு உச்சவரம்பு இல்லை’ என்பதுதான் அவர்கள் கையில் இருக்கிற நல்ல சீட்டு. இதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம், ஏனென்றால் இங்கேதான் நாம் வழக்கமாகத் திணறுகிறோம்.

அவர் பழைய பிளானில் ரூம் வாடகை ஒரு நாளைக்குக் காப்புத் தொகையில் 1 சதவீதம், அதாவது 3,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். மழையில் ஷீட் அடுக்கும்போது வழுக்கி விழுந்து தொடை எலும்பு முறிகிறது. திருவனந்தபுரத்தில் சேர்க்கிறார்கள், 6,000 ரூபாய் ரூம், 5 நாள். ரூம் 30,000. டாக்டர், மயக்க மருந்து டாக்டர், தியேட்டர், நர்சிங் எல்லாம் 80,000. மருந்து, பரிசோதனை, உள்ளே வைத்த பிளேட் 90,000. ஆக 2 லட்சம். ரூமுக்குத் தக்கபடி பில் ஏறுகிற ஆஸ்பத்திரி என்றால், வரம்பைப் போல இரண்டு மடங்கு ரூம் எடுத்ததால் ரூமில் பாதி வெட்டு, அந்த 80,000-லும் பாதி வெட்டு. மருந்து, பரிசோதனை, பிளேட் ஆகியவற்றில் இப்படி வெட்டக்கூடாது, அது முழுசாக வரும். கம்பெனி தருவது 15,000, 40,000, 90,000, மொத்தம் 1,45,000. கையிலிருந்து 55,000. ‘3,000 ரூபாய் ரூம் வித்தியாசம், 5 நாளைக்கு 15,000தானே’ என்று நினைத்த மகன் கவுண்டரில் நின்று கத்துவது இதற்காகத்தான்.

அதே பில், புது பிளான். ரூம் வரம்பு இல்லை. ஆனால் 60 தாண்டி உள்ளே வருகிறவருக்கு ஒவ்வொரு கிளைமிலும் 20 சதவீதம் கோ-பே, அதாவது அவரே போட வேண்டிய பங்கு, என்று பல பிளான்களில் இருக்கிறது, அவர் பிளானிலும் இருந்தால் கையிலிருந்து 40,000. பரவாயில்லை, புதியது மேல்.

இனி மூன்றாவது கணக்கு, போனில் யாரும் போட்டுக் காட்டாதது. அவர் 3,000 ரூபாய் ரூமிலேயே படுக்கிறார். ரூம் 15,000, டாக்டர் தியேட்டர் வகையும் இறங்கி 60,000 என்று வையுங்கள், மருந்து வகை அதே 90,000. ஆக 1,65,000. பழைய பிளானில் கையுறை, பேப்பர் மாதிரி சில்லறை நீங்கலாக முழுசும் வரும். புது பிளானில் 33,000 கையிலிருந்து போகும். எது நல்ல பிளான் என்பது அவர் எந்த ரூமில் படுப்பார் என்பதைப் பொறுத்தது, அதைத் தெரிந்தவர் நீங்கள். 14 வருடத்தில் அவர் வீட்டில் யார் எங்கே படுத்தார்கள், என்ன ரூம் கேட்டார்கள் என்று உங்களுக்குத் தெரியும். பழைய பாலிசியில் சேர்ந்த வயது 53, மைக்ரேஷனில் அதை எடுப்பார்களா அல்லது 62-ஐ எடுத்து கோ-பே போடுவார்களா என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

நம் குமரி மாவட்டத்துக்கென்று இன்னொரு கேள்வி இருக்கிறது. விளவங்கோடு, கல்குளம் பக்கத்து ஆட்கள் பெரிய வைத்தியம் என்றால் கேரள எல்லையான களியக்காவிளையைத் தாண்டிவிடுவார்கள், அங்கிருந்து திருவனந்தபுரம் பக்கம்தானே. குறிப்பிட்ட ஆஸ்பத்திரிகளில் மட்டும் படுத்தால் பிரீமியம் குறைவு, வெளியே படுத்தால் ஒரு பங்கு நீ போடு என்கிற பிளான்கள் இப்போது நிறைய வருகின்றன. ஊரை மண்டலமாகப் பிரித்து மலிவு மண்டலத்துக்குக் குறைந்த பிரீமியம் வாங்கிவிட்டு, விலை கூடிய மண்டலத்தில் படுத்தால் கழிக்கிற பிளான்களும் உண்டு. எங்கோ உட்கார்ந்து பேசுகிற கால் சென்டர் பெண்ணுக்கு, நெய்யூரில் காட்டுகிறவர், ஆசாரிப்பள்ளத்தில் காட்டுகிறவர், பார்டர் தாண்டிப் போகிறவர் என்று மூன்று வகை இங்கே உண்டு என்பது தெரியாது. அந்த ஆஸ்பத்திரிப் பட்டியலை எடுத்து, அந்தக் குடும்பம் வழக்கமாகப் போகிற இரண்டு இடமும் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். அதைப் பார்க்காமல் பிளானின் நல்லது கெட்டது பேசுவதில் அர்த்தமே இல்லை.

இவ்வளவும் சொன்னதால் பழையதுதான் எப்போதும் நல்லது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 35 வயதுக் குடும்பம், நோய் நொடி இல்லை, 10 வருடத்துக்கு முன் நீங்கள் எடுத்துக் கொடுத்த 2 லட்ச ரூபாய்ப் பாலிசியை அப்படியே வருடாவருடம் கட்டிக்கொண்டிருக்கிறது என்றால், அவர்களை மாற்ற வேண்டியதுதான், அதைச் சொல்லியிருக்க வேண்டியவர் நீங்கள். ரப்பர் கடைக்காரர் கோபப்பட்டதில் பாதி நியாயம் இருக்கிறது தங்கச்சி. ரினியூவல் மெசேஜை வாட்ஸ்அப்பில் தள்ளிவிட்டு, பணம் ஏறியதா என்று மட்டும் பார்த்துக்கொண்டு எத்தனை வருடம் ஓட்டினோம்? உங்களைச் சொல்லவில்லை, நம் எல்லாரையும் சொல்கிறேன்.

என்னையும் சேர்த்துத்தான். பழைய வருடங்கள் தொடரும்படி கம்பெனி மாறுகிற போர்ட் வசதி 2011 அக்டோபரில் வந்தது. 2013 மார்ச் கடைசி வாரம், எனக்கு டார்கெட்டுக்கு இன்னும் கொஞ்சம்தான் குறைவு. குளச்சலில் வலை வியாபாரம் செய்கிற ஒருவர், வேறு கம்பெனியில் 6 வருடம் கட்டி வந்தவர், என்னை நம்பி நம் பக்கம் வருகிறேன் என்றார். முறையாக போர்ட் போட நாள் ஆகும், மார்ச் 31 தாண்டிவிடும். புதுப் பாலிசியாகவே போட்டேன், ‘அப்புறம் சரி பண்ணிக்கலாம்’ என்று மனதுக்குள் ஒரு சமாதானம். நவம்பரில் ஹெர்னியா. கிளைம் ரிஜெக்ட், 2 வருடம் ஆகவில்லை என்று. கம்பெனியைத் திட்ட எனக்கு வாயே இல்லை. பணத்தில் ஒரு பங்கை நான் கொடுத்தேன், அவர் வாங்கவும் தயங்கினார். வீட்டுக்குப் போனபோது அவர் மனைவி காப்பி டம்ளரை வைத்துவிட்டுக் கதவுப் பக்கம் நின்றபடியே கேட்டார், “நீங்கதானே சாரே சொன்னிய?” அவ்வளவுதான் கேட்டார். அதற்கப்புறம் நான் மார்ச்சில் யாரையும் மாற்றியதில்லை.

அதனால்தான் உங்கள் இரண்டாவது கேள்விக்கு, எல்லாரையும் ஒட்டுமொத்தமாக வேறு கம்பெனிக்கு போர்ட் செய்வதற்கு, என் பதில் வேண்டாம் என்பது. அதைச் செய்தால் அந்தக் கால் சென்டர் செய்வதையே நீங்களும் செய்கிறீர்கள், காரணம் மட்டும் வேறு. நடைமுறையிலும் அது நடக்காது. வருகிற கம்பெனி ஆளைப் பார்த்துத்தான் எடுக்கும், மறுக்க அதற்கு உரிமை உண்டு. சின்ன வயசுக்காரர்களை எடுத்துக்கொண்டு, ஸ்டென்ட் வைத்தவரையும் டயாலிசிஸ் செய்கிறவரையும் திருப்பி அனுப்பும். இருக்கிற கம்பெனியோ, கிளைம் வாங்கினாய் என்பதற்காக ரினியூவலை மறுக்க முடியாது. நோயாளிக்கு அந்தப் பழைய இடம்தான் பாதுகாப்பு. 60 வயதுக்கு மேற்பட்டவர்களின் பிரீமியத்தை ஆணையத்தைக் கலக்காமல் வருடத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றக்கூடாது என்று 2025 ஜனவரியில் உத்தரவும் வந்திருக்கிறது, பழையதில் இருக்கிற முதியவர்களுக்கு அதுவும் ஒரு துணை. தனித்தனியாகப் பார்த்து, ஒருவருக்கு உண்மையிலேயே வேறு கம்பெனிதான் சரி என்றால் தாராளமாக போர்ட் செய்யுங்கள். ரினியூவலுக்கு 45 நாளுக்கு முன், ஆனால் 60 நாளுக்கு முன்னால் அல்ல என்றுதான் பாலிசிகளில் பொதுவாக எழுதியிருக்கும். புதுக் கம்பெனி எழுத்தில் ஒப்புக்கொள்ளும் வரை பழையதை விடவே கூடாது.

நம்பர் விஷயம்: கண்டிப்பாகக் கூடாது. உங்கள் நம்பரைக் கொடுத்தால் மார்க்கெட்டிங் போன் உங்களுக்கு வரும், சரி. ராத்திரி 11 மணிக்கு கேஷ்லெஸ் வினாவும் உங்களுக்குத்தான் வரும், நீங்கள் தூங்கிக்கொண்டிருப்பீர்கள், அவர் பெண்டாட்டி ஐசியு வாசலில் நின்றுகொண்டிருப்பார். கேஷ்லெஸ் கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்தில் பதில் சொல்ல வேண்டும், டிஸ்சார்ஜுக்கு 3 மணி நேரத்தில் ஒப்புதல் தர வேண்டும் என்று கம்பெனிக்கு விதி இருக்கிறது, நடுவில் ஒரு விளக்கம் கேட்டு மெசேஜ் வந்து அது உங்கள் போனில் கிடந்தால் தாமதத்துக்குப் பொறுப்பு யார்? ஓடிபியும் உங்களுக்கு வரும், நாளைக்கு ‘நான் சம்மதிக்கவே இல்லை’ என்று வாடிக்கையாளர் சொன்னால் மாட்டுவது நீங்கள். இங்கே நிறைய வீடுகளில் ஏற்கெனவே பாலிசியில் இருப்பது வளைகுடாவில் இருக்கிற மகனின் நம்பர், அதுவே தொல்லை. லிங்க் அவருக்குப் போகிறது, அப்பாவுக்கு என்ன மாத்திரை என்று அவருக்குத் தெரியாது, வேலைக்கு நடுவில் தட்டிப் பணம் கட்டிவிடுகிறார். குலசேகரத்திலும் அப்படித்தான் நடந்ததா என்று கேட்டுப் பாருங்கள்.

கமிஷன். மைக்ரேஷன் ஆன பாலிசியில் உங்கள் ஏஜென்ட் கோடு எண் தொடர்கிறதா என்பது உங்கள் கம்பெனியின் ஏஜென்சி விதிகளைப் பொறுத்தது. பிராஞ்சில் வாயால் கேட்காதீர்கள், மெயிலில் கேளுங்கள்: இன்ன பாலிசி, இன்ன தேதியில் மாறியது, சேவை ஏஜென்டாக யார் பெயர் இருக்கிறது. உங்கள் பெயர் விடுபட்டிருந்தால், என் பாலிசியை இன்னாரே கவனிக்க வேண்டும் என்று வாடிக்கையாளர் ஒரு வரி எழுதிக் கொடுப்பது உங்கள் நூறு மெயிலைவிடக் கனமானது. அதை அவர் எழுதுவாரா என்பது அந்த ஷெட்யூலை எடுத்துக்கொண்டு நீங்கள் அவர் கடைக்குப் போகிறீர்களா இல்லையா என்பதில் இருக்கிறது. நேரடியாக எடுத்தால் தள்ளுபடி என்று அவர்கள் சொல்லும்போது, உங்கள் கமிஷனிலிருந்து கொஞ்சம் விட்டுக்கொடுக்கத் தோன்றும், செய்துவிடாதீர்கள். பிளானிலேயே அறிவித்த தள்ளுபடியைக் கம்பெனி தரலாம், நாம் கமிஷனைத் திருப்பிக் கொடுப்பது 1938-ஆம் வருட காப்பீட்டுச் சட்டம் 41-ஆம் பிரிவில் குற்றம், அபராதம் 10 லட்ச ரூபாய் வரை.

வேலைக்கு வருவோம். 180 குடும்பத்தையும் ரினியூவல் மாதப்படி ஒரு நோட்டில் எழுதுங்கள், மாதத்துக்கு 15 பேர் வருவார்கள், அதில் 60 தாண்டியவர்களும் நோய் உள்ளவர்களும் நாலைந்து பேர் இருப்பார்கள். அந்த நாலைந்து பேர் வீட்டுக்கு மட்டும் ரினியூவலுக்கு இரண்டரை மாதம் முன்னால் நேரில் போங்கள், கம்பெனியின் போன் பெரும்பாலும் கடைசி மாதத்தில்தான் வரும். மகன் சவுதியில் என்றால் வெள்ளிக்கிழமை போங்கள், வீடியோ காலில் அவரையும் உட்கார வைத்துப் பேசலாம். ஒரு வெள்ளைத் தாளில் முதல் பாலிசித் தேதி, காப்புத் தொகையும் போனஸும், ரூம் வரம்பு, கோ-பே, வழக்கமாகப் போகிற ஆஸ்பத்திரி இருக்கிறதா இல்லையா என்று உங்கள் கையாலேயே எழுதி அவர்கள் பாலிசி ஃபைலில் வைத்துவிட்டு வாருங்கள். யாராவது போன் போட்டால் இந்தத் தாளைப் பார்த்து, இதில் எது மாறும் என்று மட்டும் கேளுங்கள், பதிலை மெயிலில் அனுப்பச் சொல்லுங்கள் என்று சொல்லி வையுங்கள். மெயில் வந்தால் அது உங்களிடம்தான் வரும், படித்துச் சொல்ல.

மாற்ற வேண்டியவர் என்று பட்டால், நீங்களே முதலில் மாற்றுங்கள்.

பிராஞ்ச் மேனேஜரைப் பகைக்க வேண்டாம், அவருக்கும் இதில் வருத்தம் இருக்கும், அவர் கணக்கிலிருந்தும்தான் பாலிசி போகிறது. உங்களைப் போல இன்னும் நாலைந்து ஏஜென்ட்கள் கருங்கல், திங்கள்சந்தை பக்கம் இருப்பார்கள். எந்தத் தேதியில் யாருக்குப் போன், என்ன சொன்னார்கள், ஷெட்யூலில் என்ன வந்தது என்று பெயரை மறைத்து ஒரு பட்டியல் போட்டு, சேர்ந்து கையெழுத்துப் போட்டு அவர் மூலமாகவே மேலே அனுப்புங்கள். கமிஷன் போச்சு என்று எழுதினால் மேலே யாரும் படிக்க மாட்டார்கள், தொடர்ச்சி அறுந்த பாலிசி என்று எழுதினால் படிப்பார்கள், குறைதீர்ப்பாளர் வரை போகக்கூடிய காகிதம் என்று அவர்களுக்குத் தெரியும்.

குலசேகரத்துக்கு நாளைக்கே போங்கள். 30 நாளில் 11 நாள் போனதாக எழுதியிருந்தீர்கள், கடிதம் வந்து சேர்ந்ததற்கு இன்னும் மூன்று நாள் கழியுங்கள்.